வேர் யாருக்கு இடம் கொடுக்கும்?

பயிரின் வேரை ஒட்டி வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தை நம் தேவைக்கு ஏற்ப அமைத்து விளைச்சலைக் கூட்ட முடியுமா என்பதே இன்றைய உரையின் பொருள். முடியும் என்பது என் துணிபு. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாம் நடந்துவரும் வழியிலேயே நடந்தால் முடியாது என்பதும் என் துணிபுதான். நல்ல பாக்டீரியாவைத் தேடிப் பிடிப்பது, பெருக்குவது, பாக்கெட்டில் அடைப்பது, வயலில் போடுவது என்பதே அந்த வழி. அதில் நுண்ணுயிரைப் பற்றிய எல்லாக் கேள்விகளும் கேட்கப்படுகின்றன. அந்த நுண்ணுயிருக்கு வேர் இடம் கொடுக்குமா என்ற கேள்விதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. உதவும் நுண்ணுயிரை அழைத்து அமர்த்திக்கொள்ளும் ஆற்றலைப் பயிரின் குணங்களில் ஒன்றாகக் கொள்ள வேண்டும். கதிரின் நீளத்தையும் மணியின் எடையையும் பார்த்து ரகத்தைத் தேர்ந்தெடுப்பதுபோல் இந்தக் குணத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எஞ்சிய நேரம் இதற்கான சான்றுகளுக்கும், இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுக்கும்.

முதலில் ஒரு கணக்கு. உயிர் உரங்கள் 2006 முதல் நம் நாட்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. தூள் வடிவ உயிர் உரத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது அந்த ஆணையின் விதி. அப்படியானால் 200 கிராம் பாக்கெட்டில் 1000 கோடி. ஓர் ஏக்கருக்குத் தாராளமாகப் பத்துப் பாக்கெட் போடுகிறோம் என்று வைத்துக்கொண்டால் 10,000 கோடி. பெரிய படைதான். ஆனால் அது இறங்கும் களத்தையும் பார்க்க வேண்டும். ஓர் ஏக்கரில் உழவு ஆழத்து மேல்மண் ஏறத்தாழ 800 டன் இருக்கும். ஒரு கிராம் மண்ணில் 10 கோடி பாக்டீரியா என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், நாம் அனுப்பும் ஒவ்வொரு செல்லுக்கும் எதிரே அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எட்டு லட்சம் செல்கள் நிற்கின்றன. அவை அந்த மண்ணின் உப்புக்கும் வறட்சிக்கும் பழகியவை. புதிதாக வந்தது ஆய்வகத்துச் சர்க்கரைக் கரைசலில் வளர்ந்தது. எண்ணிக்கையைக் கொண்டு இந்தப் போட்டியை வெல்ல முடியாது. வேறு ஏதாவது ஒன்று அதன் பக்கம் சாய்ந்தால்தான் உண்டு, அப்படிச் சாயக்கூடியது வேர் ஒன்றுதான். நம் ஊரில் வழக்கத்திலுள்ள விதை நேர்த்தி இதனால்தான் புத்திசாலித்தனமானது. ஆறிய அரிசிக் கஞ்சியில் உயிர் உரக் கருந்தூளைக் கலந்து, விதையைச் சாக்கில் பரப்பிப் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட்டால், முளைவேர் வெளியே வரும்போது அதன் தோலைத் தொட்டுக்கொண்டு நிற்பது நாம் அனுப்பிய பாக்டீரியா. எட்டு லட்சம் பேர் வந்து சேர்வதற்குள் ஒரு மில்லிமீட்டர் இடத்தில் அது முந்திக்கொள்கிறது. ஆனால் வேர் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது, அந்த முந்துதல் கூடவே நீள்வதில்லை.

வேர் என்ன செய்கிறது என்பதை இனிப் பார்ப்போம். இலை ஒளியைக் கொண்டு சமைக்கும் உணவில் ஐந்தில் ஒரு பங்கு வரையிலும், சில நிலைகளில் அதற்கு மேலும், வேர் வழியாக மண்ணில் கசிகிறது. சர்க்கரைகள், கரிம அமிலங்கள், அமினோ அமிலங்கள், இவற்றோடு தாவரத்துக்குத் தாவரம் மாறுபடும் நூற்றுக்கணக்கான சிறப்புப் பொருள்கள். இது வீணாகும் கசிவு அன்று, யாரை அழைப்பது, யாரைத் தள்ளிவைப்பது என்பதை முடிவு செய்யும் கசிவு. வேர்சூழ் மண்டலம் என்ற கருத்துக்கு 1904இல் பெயர் சூட்டியவர் ஜெர்மானியரான லோரன்ஸ் ஹில்ட்னர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பயறுகளுக்கான வேர்முடிச்சு பாக்டீரியாவை வணிகப் பொருளாக்கக் காப்புரிமை பெற்ற இருவரில் அவரும் ஒருவர். பாக்கெட்டுக்கும் வேர்சூழ் மண்டலம் என்ற கருத்துக்கும் தொடக்கத்தில் நின்றவர் ஒரே மனிதர்தான். பின்வந்தவர்கள் அவருடைய முதல் யோசனையைத் தொழிலாக்கினார்கள், இரண்டாவதை நீண்ட காலம் பாடநூலில் வைத்துப் பூட்டினார்கள். 2012இல்தான் அந்தப் பூட்டு அகலத் திறந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவிலும் ஜெர்மனியின் கொலோனிலும் இருந்த இரண்டு குழுக்கள், அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியை வெவ்வேறு மண்ணில் வளர்த்து, வேருக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் மரபணுவைப் படித்தன. மண்ணுக்கு மண் வேறுபாடு இருந்தது. ஆனாலும் வேருக்குள் நுழைந்தவை மண்ணில் இருந்தவற்றின் தற்செயலான மாதிரியாக இருக்கவில்லை. சில குடும்பங்கள் திரும்பத் திரும்ப உள்ளே வந்திருந்தன, மண்ணில் மலிந்துகிடந்த வேறு சில வாசலிலேயே நின்றுவிட்டன.

செடி உள்ளே விடுவதோடு நிறுத்திக்கொள்வதுமில்லை, வேலை வாங்கவும் செய்கிறது. டோபி கியர்ஸ், ஃபோர்ட் டெனிசன் ஆகியோரும் உடன் ஆய்ந்தவர்களும் 2003இல் வெளியிட்ட சோயா மொச்சைச் சோதனை இதற்கு நல்ல சான்று. வேர்முடிச்சைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவிடம் குறை எதுவும் இல்லை. கையில் மூலப்பொருள் இல்லாததால் தழைச்சத்து செய்து கொடுக்க அதனால் முடியவில்லை, அவ்வளவுதான். செடிக்குக் காரணம் தெரியாது, வரவு நின்றதுதான் தெரியும். அந்த முடிச்சுக்குப் போகும் ஆக்சிஜன் குறைந்தது, உள்ளே இருந்த பாக்டீரியாவின் பெருக்கமும் குறைந்தது. பக்கத்தில் சாதாரணக் காற்றில் இருந்த முடிச்சுக்கு அந்தத் தண்டனை இல்லை. கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கும் செடி இது. நுண்ணுயிர்க் கூட்டத்தை நாம் வெளியிலிருந்து அமைப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, உள்ளிருந்து அமைக்கும் ஏற்பாடு கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடந்து வருகிறது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். பிரேசிலைப் பாருங்கள் என்பார்கள். உலகின் மிகப் பெரிய சோயா சாகுபடி நாடு தன் சோயாவுக்கு ஏறக்குறைய யூரியாவே இடுவதில்லை. தழைச்சத்தில் பெரும்பகுதி பிராடிரைசோபியம் என்னும் பாக்டீரியா கொடுப்பது. யொஹானா டோபெரைனர் 1960களில் பிடிவாதமாக நின்று தொடங்கிவைத்த பணி அது. அதைத் தொடர்ந்த மரியாஞ்செலா ஹுங்ரியாவுக்கு 2025இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பாக்கெட்டால் ஒரு நாட்டின் வேளாண்மையே மாறியிருக்கும்போது பாக்கெட்டை எப்படிக் குறை சொல்லலாம்? நான் குறை சொல்லவில்லை, அது ஏன் வென்றது என்று கேட்கிறேன். சோயா ஆசியப் பயிர். அதற்கு ஏற்ற பாக்டீரியா பிரேசில் மண்ணில் ஆதியில் இல்லை. அங்கே நாற்காலி காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தவரை எழுப்ப ஆளில்லை. அதைவிட முக்கியம், முடிச்சு போடும் பயிர் தன் பாக்டீரியாவை அடையாளம் கண்டு, தனி அறை கட்டிக் கொடுத்து, கூலியும் கொடுக்கிறது. பிரேசிலில் இன்னொன்றையும் செய்தார்கள். தழைச்சத்து உரமின்றி, முடிச்சை நம்பி விளையும் சோயா வரிகளையே இனப்பெருக்கத்தில் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே சோயா பாக்டீரியா ஏற்கெனவே மண்ணில் ஊன்றிவிட்டது. புதிதாகப் போடும் சிறந்த வகைக்குக் கிடைக்கும் முடிச்சுகள் மிகச் சில. மண்ணில் ஊறிய பழைய வகை, வேலையில் பின்தங்கியதாக இருந்தாலும், பெரும்பாலான முடிச்சுகளைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே பயிர்தான், ஒரே வகைப் பாக்கெட்தான். இடம் காலியாக இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

முடிச்சு போடாத நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் நிலைமை இன்னும் கடினம். அசோஸ்பைரில்லம் என்னும் பாக்டீரியாவை நம் உழவர்கள் நன்கு அறிவார்கள். அதைப் பற்றி உலகெங்கும் இருபது ஆண்டுகள் நடந்த வயல் சோதனைகளை கார்லோஸ் லபண்டேராவும் இஸ்ரேலின் யாக்கோவ் ஓகோனும் 1994இல் தொகுத்தார்கள். 60 முதல் 70 விழுக்காடு சோதனைகளில் பலன் இருந்தது, விளைச்சல் 5 முதல் 30 விழுக்காடு வரை கூடியது. இது அற்பமான பலன் அன்று. அதைச் செய்தது பெரும்பாலும் தழைச்சத்து அன்று, வேரைக் கிளைக்க வைக்கும் வளர்ச்சி ஊக்கிதான் என்பதும் பின்னால் தெளிவாயிற்று. ஆனால் மூன்றில் ஒரு பங்கு தோல்வி, அதுவும் எந்த வயலில் தோற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத தோல்வி. ஆய்வாளருக்கு 65 விழுக்காடு ஒரு நல்ல எண், இரண்டு ஏக்கர்காரருக்கு அது சூதாட்டம். அண்மையில் அமெரிக்காவின் வட மத்திய மாநிலங்களின் வேளாண் பல்கலைக்கழகங்கள், முடிச்சில்லாப் பயிர்களுக்குக் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதாக விற்கப்படும் பாக்டீரியா விற்பனைப் பொருள்களைச் சோதித்துத் தொகுத்து வெளியிட்டன. 61 சோதனைகளில் விளைச்சல் கூடியது 2இல் மட்டும். மாறாக, சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் வேருக்கு உதவும் பூஞ்சாணத்தை இட்டு 2023இல் வெளிவந்த ஆய்வு நம்பிக்கை தருகிறது. வளர்ச்சி சில வயல்களில் 12 விழுக்காடு குறைந்தது, சிலவற்றில் 40 விழுக்காடு கூடியது. ஆனால் விதைப்புக்கு முன் மண்ணில் இருந்த நுண்ணுயிர்களை, குறிப்பாக நோய்ப் பூஞ்சாணங்களை, பார்த்தே இந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதியை முன்னறிய முடிந்தது. பலன் பாக்கெட்டுக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை, அது போய்ச் சேரும் இடத்தில் எழுதப்பட்டிருந்தது.

ஒற்றை நுண்ணுயிரை விட்டுவிட்டு, பலவற்றைச் சேர்த்து ஒரு கூட்டமாகவே அனுப்பினால் என்ன என்ற யோசனை அடுத்து எழுந்தது. 2017இல் மக்காச்சோள வேரில் ஏழு பாக்டீரியாக்களைக் கொண்டு ஒரு சிறு கூட்டத்தை அமைத்தார்கள். அது நிலைத்து நின்றது, நாற்றைத் தாக்கும் ஃபுசேரியம் பூஞ்சாணத்தையும் அடக்கியது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். எண்டிரோபாக்டர் என்ற ஒன்றை எடுத்ததும் கூட்டம் குலைந்தது, எஞ்சியவற்றில் ஒன்றே வேர் முழுவதையும் ஆக்கிரமித்தது. கூட்டத்துக்குள்ளும் ஒரு நடுத்தூண் உண்டு என்று காட்டிய அழகான சோதனை இது. ஆனால் கிருமி நீக்கிய சூழலில் நடந்த சோதனை. எட்டு லட்சத்துக்கு ஒன்று என்ற வயல்வெளியில் ஏழு பேர் ஒன்றாகப் போனாலும் அழைப்பவர் ஒருவர் வேண்டும். இயற்கையே அமைத்த கூட்டங்களைப் பார்த்தால் அந்த அழைப்பு நன்றாகக் கேட்கிறது. கோதுமையின் வேரைக் கருக்கி அழிக்கும் ஒரு பூஞ்சாண நோய், அதே நிலத்தில் தொடர்ந்து கோதுமை விதைத்தால் சில ஆண்டுகள் கடுமையாகி, பிறகு தானாகவே தணிந்துவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். நோய் தாக்கிய வேரில் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா பெருகி, பூஞ்சாணத்தைக் கொல்லும் பொருளைச் சுரப்பதே காரணம் என்று கண்டார்கள். யாரும் எதையும் பாக்கெட்டில் போடவில்லை. வேர் ஆண்டுக்கு ஆண்டு உணவிட்டு வளர்த்த காவல்படை அது. எல்லாக் கோதுமை ரகமும் அந்தப் படையை ஒரே அளவில் வளர்ப்பதில்லை என்பதும் கண்டறியப்பட்டது. அந்த வேறுபாட்டைத்தான் நாம் கையில் எடுக்க வேண்டும்.

ரகத்துக்கு ரகம் இந்தக் குணம் மாறும் என்பதற்கு நெல்லிலேயே தெளிவான சான்று உண்டு. 2019இல் சீன அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 95 நெல் ரகங்களை வயலில் நட்டு வேர்களை ஆராய்ந்தார்கள். நம் நெல்களைப் போன்ற இண்டிகா ரகங்கள், ஜப்பானிகா ரகங்களைவிட, தழைச்சத்தை மாற்றிக் கொடுக்கும் பாக்டீரியாக்களை அதிகமாகச் சேர்த்து வைத்திருந்தன. நைட்ரேட்டை உணர்ந்து எடுத்துச் செல்லும் ஒரு மரபணுவின் வேறுபாடு இதில் பங்கு வகிப்பதையும் காட்டினார்கள். ஒரே மரபணு வேரின் குடியிருப்போர் பட்டியலை மாற்றுகிறது என்றால், அது இனப்பெருக்கம் செய்பவரின் கைக்கு எட்டும் குணம்தான். ஆனால் அறுபது ஆண்டுகளாக நாம் ரகங்களைத் தேர்ந்தெடுத்துவந்த பாத்திகளில் உரத்துக்குக் குறைவில்லை. மத்திய, நீண்ட கால நெல்லுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது பொதுப் பரிந்துரை. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து, எனவே அது ஏழு மூட்டைக்கு மேல். அத்தனை தழைச்சத்து காலடியில் கிடக்கும்போது பாக்டீரியாவை அழைக்கத் தெரிந்த செடிக்கும் தெரியாத செடிக்கும் விளைச்சலில் வேறுபாடு தெரியாது. தெரியாததைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. பாக்டீரியாவுக்கும் இதே கதிதான். மிச்சிகனில் 22 ஆண்டுகள் தழைச்சத்து இட்ட நிலத்தில் இருந்தும் இடாத நிலத்தில் இருந்தும் எடுத்த வேர்முடிச்சு பாக்டீரியாக்களை க்ளோவர் செடிகளில் ஒப்பிட்டபோது, உரம் கண்ட மண்ணின் பாக்டீரியாக்கள் செடிக்குக் குறைவாகவே உதவின. கொடுக்கல் வாங்கல் நின்ற உறவு பரிணாமத்தில் தேய்ந்துபோகிறது.

தேயாத ஓர் உறவு மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்து மலைகளில் இன்றும் வயலில் நிற்கிறது. மிக்ஸே மக்கள் காலங்காலமாகக் காத்துவரும் மக்காச்சோளம் அது. சாதாரண மக்காச்சோளத்தில் தரைக்கு மேலே ஓரிரு கணுக்களில்தான் தாங்கு வேர் வரும். இதில் கணுவுக்குக் கணு, ஆள் உயரம் வரை, விரல் தடிமனில் சிவந்த வேர்கள் காற்றில் தொங்குகின்றன. மழை பெய்ததும் அந்த வேர் நுனிகளில் இருந்து வெண்டைக்காய்க் கொழகொழப்பைப் போன்ற தெளிந்த பசை ஊறி, சொட்டுச் சொட்டாகத் திரண்டு நிற்கும். பசை முழுக்கச் சர்க்கரை, அதன் உள்ளே ஆக்சிஜன் குறைவு. காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால், அதற்கு இதைவிட நல்ல வீடு அமையாது. 2018இல் வெளியான ஆய்வு, இந்தச் செடி தன் தழைச்சத்தில் 29 முதல் 82 விழுக்காடு வரை காற்றிலிருந்து பெறுவதாக மதிப்பிட்டது. தானியப் பயிரால் முடியாது என்று நாம் சொல்லிவந்ததை அந்த மலைவாசிகளின் விதைத் தேர்வு செய்து காட்டியிருக்கிறது. அந்தக் குணத்தை வேறு ரகத்துக்கு மாற்றி யாராவது பணம் ஈட்டினால் அதில் முதல் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கு என்பதை இந்த மேடையில் சொல்லாமல் கடந்துபோவது நியாயமாகாது.

மரபணுத் தொழில்நுட்பம் இருக்கும்போது இனப்பெருக்கத்துக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. பாக்டீரியாவையே திருத்திவிடலாமே? திருத்துகிறார்கள். சுற்றிலும் அம்மோனியா இருந்தால் பாக்டீரியா நைட்ரஜனைப் பிடிப்பதை நிறுத்திக்கொள்ளும், அதன் சிக்கனம் அது. அந்தத் தடையை நீக்கிய பாக்டீரியாக்கள் வந்துவிட்டன. ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்கப் பதினாறு ஏடிபி, அதாவது செல்லின் ஆற்றல் நாணயம் பதினாறு, செலவாகிறது. வேலையை நிறுத்தத் தெரியாத பாக்டீரியா, நிறுத்தத் தெரிந்த அண்டை பாக்டீரியாவிடம் போட்டியில் தோற்கும். தோற்காமல் இருக்க அதற்கென்றே யாரோ சோறு போட வேண்டும். மரபணுப் பொறியாளர்களே இதை உணர்ந்துவிட்டார்கள் என்பதற்கு ஆக்ஸ்போர்டின் பிலிப் பூல் குழுவினரின் வேலை சான்று. அவர்கள் பாக்டீரியாவை மட்டும் திருத்தவில்லை. பார்லிச் செடி ரைசோபைன் என்னும் ஒரு சமிக்ஞைப் பொருளைச் சுரக்கும்படி செய்து, அந்தப் பொருளை உணர்ந்தால் மட்டும் நைட்ரஜனைப் பிடிக்கும்படி பாக்டீரியாவை மாற்றினார்கள். அழைப்பை மீண்டும் செடியின் கையில் கொடுத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட அசோரைசோபியம் நமக்குப் புதிதன்று. நெல் நடவுக்கு முன் மடக்கி உழ நம் உழவர்கள் விதைக்கும் மணிலா அகத்தியின் தண்டில் முடிச்சு போடுவது அதுதான்.

இன்னொரு மறுப்பு என்னை உண்மையாகவே யோசிக்க வைக்கிறது. நுண்ணுயிருக்கு அதிகம் ஊட்டும் செடி கதிருக்குக் குறைவாகத்தானே ஊட்டும்? ஒஹாக்காவின் மக்காச்சோளம் ஐந்து மீட்டருக்கு மேல் வளர்ந்து, முற்றப் பல மாதங்கள் எடுத்துக்கொள்வது. அந்தக் காலத்தை நம் குறுவைக்குக் கொடுக்க முடியாது. செலவு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயல் எல்லைக்குள் மட்டும் கணக்குப் பார்த்தால்தான் யூரியாவுக்குச் செலவில்லை. ஆண்டுக்கு மூன்றரைக் கோடி டன்னுக்கு மேல் யூரியாவை நம் நாடு இடுகிறது. அதைச் செய்யும் இயற்கை வாயு, அதற்கான மானியம், பயிர் எடுத்ததுபோக நிலத்தடி நீரில் இறங்கும் நைட்ரேட், காற்றில் ஏறும் நைட்ரஸ் ஆக்சைடு எல்லாம் யாரோ ஒருவர் தலையில் விழுகின்றன. யூரியாவை அறவே விட்டுவிடவும் நான் சொல்லவில்லை. நூறு பங்கில் இருபது பங்கைக் குறைத்தும் அதே விளைச்சலைத் தரும் ரகம் கிடைத்தால், அதற்காகச் செடி இழக்கும் சர்க்கரை மிக மலிவான விலை. அந்த ரகம் மாப்பிள்ளைச் சம்பாவிலோ கருப்புக் கவுனியிலோ ஒளிந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். யூரியா இல்லாத காலத்தில் விளைந்தவை என்பதால் அவற்றைச் சோதிக்க நியாயம் உண்டு. சோதிக்காமலே புகழ நியாயம் இல்லை.

அதுவரை உழவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பயறு வகையில் தொடங்கலாம், ஏனென்றால் அங்கே செடி ஏற்கெனவே நம் பக்கம். காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் ஈரச் சேற்றில் உளுந்தை விதைக்கிறார்கள். உழவும் இல்லை, அடியுரமும் இல்லை. மாதக்கணக்கில் நீர் நின்று, யூரியா ஊறிய மண்ணில் அந்த விதை முளைத்து, தனக்கான பாக்டீரியாவைத் தேடிப் பிடிக்க வேண்டும். உளுந்து ரகங்களை ஒப்பிட இதைவிடக் கடுமையான, நேர்மையான பாத்தி கிடைக்காது. ஆனால் ஒப்பிடும்போது காய் எண்ணிக்கையோடு வேரையும் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. பூக்கும் தருணத்தில் செடியை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசினால் முடிச்சுகள் தெரியும். ஒரு முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இரத்தச் சிவப்போ இளஞ்சிவப்போ தெரிந்தால் அது வேலை செய்யும் முடிச்சு. பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் செடி சோறு போட்டும் வேலை நடக்காத முடிச்சு. நூறு வரிகளில், வரிக்குப் பத்துச் செடி என்று இப்படிக் கீறிப் பார்த்து எண்ணி எழுத இரண்டு பேருக்குச் சில நாள் வேலை. எழுதிய அந்த எண்கள், மகசூல் எண்ணுக்குப் பக்கத்தில், ரக வெளியீட்டுப் படிவத்தில் ஒரு தனிப் பத்தியாக இடம்பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை.